பின்கதவில் ஏறிய குடிசை

குடிசை என் தம்பியுடையது. அதன் நான்கு பக்கமும் எழுதியிருந்த பெயர் என்னுடையது.

உறைந்த ஏரியின் மேல் மீன்பிடிக் குடிசை போடுகிறவர் தன் பெயரையும் முகவரியையும் தெரியும்படி வெளியே எழுதிவைக்க வேண்டும். மார்ச் முப்பத்தொன்று நள்ளிரவுக்குள் குடிசையைக் கரையேற்றிவிட வேண்டும். இரண்டும் சட்டம். என் தம்பி வைக்கோ போன வருஷம் ஏப்ரல் நான்காம் தேதி வரை விட்டுவைத்து, காவலரிடம் மாட்டி, நீதிபதி முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றவன். மறுபடி மாட்டினால் மீன்பிடி உரிமமே போய்விடும். அதனால் இந்த வருஷம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ‘ஹில்யா லம்பினன், பழைய ரயில் ரோடு’ என்று கறுப்புப் பெயின்டில் எழுதிவிட்டான். கரையில் வீடு வைத்திருக்கும் ஆர்மண்ட் தபால் நிலையத்தில் பத்துப் பேர் நடுவில் என்னைப் பார்த்து, மீன் நன்றாகக் கடிக்கிறதா என்று கேட்டபோதுதான் எனக்கே தெரியும்.

என்னிடம் இருந்தது பின்னால் திறந்த தொட்டி வைத்த ஒரு பிக்கப் வண்டி. எழுபத்தெட்டு மாடல். அப்போதே அதற்குப் பதினான்கு வயது. குளிர்காலத்தில் முன்னால் தகடு மாட்டி ஊரார் வாசல் பனியைத் தள்ளுவேன். வசந்தத்தில் மேப்பிள் மரத்துப் பால் பீப்பாய் ஏற்றுவேன். மற்ற மாதங்களில் விறகு. புருஷன் போன வழி எனக்குத் தெரியாது, தேடவும் இல்லை. வண்டி இருந்தது, சோறு இருந்தது. ஏரியில் மூழ்கிய வண்டிக்குக் காப்பீட்டுக்காரன் எப்படிக் கைவிரிப்பான் என்பதை எங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வண்டி போனால் எனக்கு வேறு எதுவும் இல்லை.

மார்ச் கடைசியில் ஏரி மேல் வண்டி ஓட்டுவதென்றால் விடியற்காலையில் ஓட்ட வேண்டும். இரவுக் குளிரில் மேல்தோல் இறுகியிருக்கும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால் ஐஸ் உள்ளுக்குள் தேன்கூடு மாதிரி ஆகிவிடும்; கனம் பார்த்தால் ஒன்றரை அடி இருக்கும், பலம் பார்த்தால் ஒன்றுமிருக்காது. அன்றைக்கு முப்பத்தொன்று, கடைசி நாள். வைக்கோவை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். அவன் வந்தது பதினொன்றேகாலுக்கு. முந்தின இரவு யாருடைய சௌனாக் குளியலறையிலோ நீராவியில் வெந்து, குடித்து, அங்கேயே பலகையில் படுத்துவிட்டானாம். கையில் பொட்டலத்தோடு வந்தான். சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டான். நான் என்ஜினைக் கிளப்பினேன்.

கரையில் ஆர்மண்ட் ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வேடிக்கை பார்ப்பதற்கென்றே கம்பளிக் குல்லாய், காபிக் குடுவை எல்லாம் எடுத்து வந்திருந்தான். ஐஸ் கரையிலிருந்து விட்டுப்போய் ஆறடிக்குக் கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. அதன்மேல் இரண்டு தடிப்பலகையைப் போட்டுப் பாலம் கட்டினோம்.

“ஹில்யா, அந்த வண்டிய எனக்கு எழுதி வெச்சிட்டுப் போ. தூண்டில் போட்டு எடுத்துக்கிறேன்.”

“உன் தூண்டில்ல இதுவரைக்கும் ஒரு மீன் மாட்டி நான் பாத்ததில்ல. வண்டியா மாட்டப்போகுது?”

அவன் சிரித்தான். ஆனால் எழுந்து வந்து பலகையைக் காலால் மிதித்துப் பார்த்தான். திரும்பும்போது சிரிப்பில்லை. குடிசையை அப்படியே விட்டுவிடச் சொன்னான். காவலரிடம் தானே பேசுகிறேன் என்றான். யாரிடம் பேசினாலும் எழுதியிருப்பது என் பெயர்தானே என்றேன். அதோடு விட்டுவிட்டான்.

முதலில் வைக்கோவை நடக்கவிட்டேன். முப்பது தப்படிக்கு ஒருமுறை கடப்பாரையால் குத்திப் பார்த்துக்கொண்டே போனான். மூன்று குத்தில் தண்ணீர் வந்தால் கையைத் தூக்க வேண்டும். தூக்கவில்லை. நாலு குத்து, அஞ்சு குத்து. நான் பின்னால் நடை வேகத்தில் வண்டியை விட்டேன். இருக்கைப் பட்டை போடவில்லை. இரண்டு கண்ணாடியும் இறக்கியிருந்தது. என் பக்கத்துக் கதவைச் சாத்தாமல் இடது காலால் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் உடைந்தால் வெளியே குதிக்க வேண்டுமே, இங்கே எல்லோரும் அப்படித்தான் ஓட்டுவார்கள். வேகமாகப் போய்த் தொலைந்துவிடலாம் என்று கால் துடிக்கும். ஆனால் வேகமாகப் போனால் ஐஸுக்கு அடியில் தண்ணீர் அலையெடுக்கும்; அந்த அலை கரையில் முட்டித் திரும்பி வந்து ஐஸை உடைக்கும். ஓட வேண்டும் போலிருக்கிற இடத்தில் ஊர்ந்து போக வேண்டும். எனக்கு ஏரியில் பிடிக்காததே அதுதான்.

குடிசை கரையிலிருந்து கால் மைலில் இருந்தது. நாலடி அகலம், ஏழடி நீளம், ஓர் ஆள் நிற்கிற உயரம். இரண்டுக்கு நாலு அங்குலச் சட்டத்தில் ஒட்டுப்பலகை அடித்து, அடியில் சறுக்குக்கட்டை இரண்டு. ஏரி மேல் மற்ற குடிசை ஒன்றும் மிச்சமில்லை. சுற்றிலும் எடுத்துப்போன குடிசைகளின் சதுரத் தழும்புகள், பீர் டப்பா, மீன் செதில்.

என் எண்ணம், அம்பதடிக் கயிற்றில் கட்டி இழுத்துப்போவது. வண்டியின் பாரம் ஓரிடம், குடிசையின் பாரம் ஓரிடம், ஐஸுக்கு மூச்சுவிட இடமிருக்கும். போனதும் தெரிந்தது, இடது சறுக்குக்கட்டை ஐஸுக்குள் உறைந்து நடுவில் முறிந்திருந்தது. இழுத்தால் முறிந்த முனை கலப்பை மாதிரி குத்திக்கொள்ளும்.

வைக்கோ பிக்கப்பில் ஏற்றிவிடலாம் என்றான். பின்கதவைத் திறந்து கிடத்தி, அதன்மேல் முன்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்து, பின்பக்கம் தரையில் தேய இழுத்துப் போகலாமாம். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் மாட்டேன் என்றேன். பின்கதவு என்பது பாரம் கடந்து போகிற வாசல்படி. பாரம் குந்தியிருக்கிற திண்ணை இல்லை. கீழே இரண்டு கீல், பக்கத்துக்கு ஓர் இரும்புக்கம்பிக் கேபிள், அவ்வளவுதான் அதைத் தாங்குவது. அங்கே கனத்தை வைத்தால் அது பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்கும். முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. ஏற்றினால் முழுசாக ஏற்றி, கேபினை ஒட்டி உள்ளே தள்ளி, சங்கிலியைத் தொட்டியின் தரைக்கொக்கியில் மாட்ட வேண்டும். இல்லையென்றால் இங்கேயே பிரித்து விறகாக்கிவிட்டுப் போக வேண்டும்.

பிரிப்பதில் அவனுக்கு இஷ்டமில்லை. இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து அடித்த குடிசை.

“அடுப்ப எடுத்திட்டியா?” என்று கேட்டேன்.

“எடுத்திட்டேன்கா. ஞாயித்துக்கிழமையே.”

கதவு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. திறந்து பார்க்கவில்லை. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. ஐஸ் மேல் பூட்ஸ் அடி நனைகிற அளவுக்கு ஈரம் நின்றது. நான் ஒரு நாளும் யார் சொல்லையும் நம்பி மூட்டை ஏற்றியவள் இல்லை. அன்றைக்கு நம்பினேன். அவசரம்.

அரைமணி நேரம் கோடாலியும் கடப்பாரையுமாகச் சுற்றிலும் கொத்தினோம். ஜாக்கியை வைத்து முன்பக்கத்தைப் பல் பல்லாக ஏற்றினோம். இடுப்பு உயரம் வந்ததும் கீழே விறகுக்கட்டை அடுக்கி நிறுத்திவிட்டு, வண்டியைப் பின்னால் விட்டுப் பின்கதவைக் குடிசைக்கு அடியில் நுழைத்தேன். ஏற்றுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்துக் கேபிளிலும் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன். எப்போதும் பார்ப்பேன். மேலே போர்த்திய பிளாஸ்டிக் தோல் வழவழவென்று புதுசு மாதிரி இருந்தது.

சங்கிலி இழுக்கிற கை விஞ்ச்சைத் தொட்டியின் தலைமாட்டில் மாட்டி, அதன் சங்கிலியைக் குடிசையின் முன்சட்டத்தில் சுற்றிக் கட்டினேன். நான் தொட்டிக்குள் நின்று பிடியை ஆட்ட, வைக்கோ பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு பல். டக். டக். குடிசை அங்குலம் அங்குலமாக ஏறியது. ஏற ஏற எனக்குள் என்னவோ சரியில்லை என்று அரித்தது. கைக்குத் தெரியும். பத்து வயதிலிருந்து மரம் உருட்டிய கை. இது பலகையின் கனம் இல்லை. நிறுத்தினேன்.

“டேய், உள்ள என்ன இருக்கு?”

“ஐஸ்தான்கா. அடியில ஒட்டியிருக்கு. ஆட்டு.”

வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முன்புறம் தூக்கிக்கொண்டு நின்றது. ஏரி ஒருமுறை முனகியது. தூரத்தில் ஆரம்பித்து எங்கள் காலுக்கடியில் வந்து போயிற்று. நின்றால் ஆபத்து, இறக்கவும் நேரமில்லை, ஏற்றிவிடுவதே வழி என்று தோன்றியது. இன்னும் நாலு பல் போனால் பாதிக்குமேல் உள்ளே வந்துவிடும், அப்புறம் தானே சாய்ந்து உட்காரும். இரண்டு பல் ஆட்டினேன். மூன்றாவதில் குடிசையின் மொத்தக் கனமும் பின்கதவின் விளிம்பில் வந்து நின்றது.

வலது கேபிள் அறுந்தது.

துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரே சத்தம். பின்கதவின் வலது மூலை மடங்கித் தொங்கியது. குடிசை அந்தப் பக்கமாகச் சரிந்து, பின்னால் வழுக்கி, சங்கிலியில் மாட்டி நின்றது. உள்ளே இரும்பு உருண்டு சுவரில் மோதியது. அதற்குப் பின்னால் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிற சத்தம். அடுப்பு உள்ளேயேதான் இருந்தது. போதாததற்குச் சூடு நிற்கட்டும் என்று சௌனாக் கற்களையும் அதில் நிரப்பி வைத்திருந்தான்.

அறுந்த கேபிள் முனை என் கண்ணெதிரில் ஆடியது. பிளாஸ்டிக் தோலுக்குள் கம்பியே இல்லை, துருப்பிடித்த செந்தூள்தான் இருந்தது. குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுகிற ஊரில், உப்புத் தண்ணீர் தோலுக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். வெளியே பளபளப்பாக இருக்கும். தோலை வெட்டிப் பார்க்காமல் தொட்டுப் பார்த்துத் திருப்திப்படுவது எங்கள் ஊர்க்காரர் எல்லோரும் செய்கிற முட்டாள்தனம். பதினான்கு வருஷமாக நானும் செய்தேன்.

வைக்கோ கத்தவில்லை. “அக்கா, காலு” என்றான், யாரோ ஒருவருடைய காலைப் பற்றிச் சொல்வது மாதிரி.

இறங்கிப் பார்த்தேன். குடிசையின் வலது சறுக்குக்கட்டை அவன் பூட்ஸின் முன்பாதி மேல் உட்கார்ந்திருந்தது. சாதாரண ரப்பர் பூட்ஸ், உள்ளே இரும்பு கிடையாது. அவன் குடிசைச் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தேன். குடிசைக்கு அடியில் அவன் மீன் பிடிக்கப் போட்டிருந்த துளை நாலு. ஐஸ் தாழ்ந்தால் தண்ணீர் துளை வழியாக மேலே வரும். நாலு துளையிலிருந்தும் தண்ணீர் சத்தமில்லாமல் பொங்கிப் பரவிக்கொண்டிருந்தது. வண்டியின் பின்சக்கரத்தைச் சுற்றிக் குளம் கட்டியது. ஓடுகிற பாரத்தை ஐஸ் தாங்கும். நிற்கிற பாரத்தைத் தாங்காது. நாங்கள் அரைமணி நேரத்துக்கும் மேலாக ஒரே இடத்தில் நின்றிருந்தோம்.

வண்டியை முன்னால் எடுத்தால் குடிசை இழுபட்டு, காலையும் சேர்த்து இழுக்கும். சங்கிலியை விட்டால் முன்பக்கம் இறங்கி மொத்தமும் கால்மேல் உட்காரும். முதலில் அந்த மூலையைத் தூக்கியாக வேண்டும். ஜாக்கியைத் தூக்கி வந்து வைத்தேன். முதல் ஆட்டிலேயே அதன் பாதம் சொதசொதத்த ஐஸுக்குள் அரை அடி இறங்கியது. கீழே வைக்கப் பலகை வேண்டும். கரையிலிருந்து கொண்டுவந்த பலகை ஒன்றுமில்லை. இரண்டையும் பாலத்துக்குப் போட்டுவிட்டோம். கோடாலியை எடுத்துக் குடிசைக் கதவின் கீலில் போட்டேன். மூன்று போடு. கதவு கையோடு வந்தது. உள்ளே அடுப்பு பக்கவாட்டில் கிடந்தது. நான் வைக்கோவைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

“தூக்க முடியலக்கா. தனியா கால் மைல் தூக்கிட்டு வரணும்” என்றான்.

“பேசாத.”

கதவைத் தண்ணீருக்குள் கிடத்தி, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தி ஆட்டினேன். கதவு வளைந்தது, ஆனால் தாங்கியது. ஒரு பல். இரண்டு. ஐஸ் மறுபடி முனகியது, இந்தத் தடவை அது தூரத்திலிருந்து வரவில்லை. பாதத்துக்கு அடியிலேயே ஆரம்பித்தது. மூன்றாவது பல்லில் வைக்கோ காலை உருவிக்கொண்டு மல்லாக்க விழுந்தான். பூட்ஸ் அங்கேயே நின்றது. சாக்ஸ் சிவப்பாகிக்கொண்டிருந்தது. கட்டைவிரலும் பக்கத்து விரலும் இருக்க வேண்டிய இடத்தில் தட்டையாக இருந்தது.

அவன் கக்கத்தில் கைகொடுத்து இடதுபக்கமாக முப்பதடி இழுத்துப் போட்டேன். எழுந்து நிற்காதே, குண்டியால் தேய்த்துக்கொண்டே கரையைப் பார்த்துப் போ என்றேன். அவன் என் கையை விடவில்லை.

“வண்டிய விடுக்கா. போகட்டும்.”

“உனக்கென்ன, நீ சொல்லுவ.”

“செத்துப்போவக்கா.”

“அதான் தள்ளிப் போன்னு சொல்றேன். எனக்கு நீயும் ஒரு பாரம்.”

கையை உதறிவிட்டுத் திரும்பி ஓடினேன். தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. விஞ்ச்சின் பல்லை ஒவ்வொன்றாகத் திருப்பி இறக்க நேரமில்லை. அவ்வளவு இழுவையில் கொக்கியைக் கழற்றவும் முடியாது. தொட்டிக்குள் ஏறி, இடது ஓரமாக ஒதுங்கி நின்று, சங்கிலி சுற்றியிருந்த குடிசையின் முன்சட்டத்தில் கோடாலியைப் போட்டேன். சங்கிலி விட்டால் எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரியாது; நடுவில் மட்டும் நிற்கக் கூடாது. முதல் போடு பாதி. இரண்டாவதில் சட்டம் பிளந்தது. சங்கிலி என் முழங்கால் உயரத்தில் பறந்து கேபினின் பின்கண்ணாடியைத் தூள் தூளாக்கியது. குடிசை பின்கதவை உரசிக்கொண்டு இறங்கி ஐஸ் மேல் விழுந்தது.

அது விழுந்த அதிர்ச்சியில் ஐஸ் கிழிந்தது. துளையிலிருந்து துளைக்கு, அங்கிருந்து வண்டிக்கு அடியில். கோடு போட்ட மாதிரி. வண்டியின் பின்புறம் ஒருமுறை எகிறி, பிறகு மெதுவாக, மிக மெதுவாகத் தாழ ஆரம்பித்தது.

தொட்டியிலிருந்து குதித்து, கேபினில் கண்ணாடிச் சில்லின் மேல் உட்கார்ந்து இரண்டாவது கியரைப் போட்டேன். முதல் கியரில் சக்கரம் சுழலும். கிளட்சை விட்டேன். பிடித்தது. வண்டி குளத்திலிருந்து எருமை எழுந்திருப்பது மாதிரி எழுந்து நகர்ந்தது. பின்கதவு ஒற்றைக் கேபிளில் தொங்கிக்கொண்டு ஐஸைக் கீறியது.

வைக்கோ என் இடதுபக்கத்தில் இருந்தான். எழுந்திருக்காதே என்று சொல்லியும் எழுந்து ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தான். கையைத் தூக்கினான். நிறுத்து என்றா, போ என்றா என்று எனக்குத் தெரியவில்லை. அவனிடம் போய் நிறுத்தி, இறங்கி, தூக்கி ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துக்கு ஐஸ் நிற்குமா? அவன் நிற்கிற ஐஸ் அவன் ஒருத்தனைத் தாங்கும். என் வண்டியும் அங்கே போனால் இரண்டு பேரையும் தாங்காது. கணக்கு சரிதான். இப்போதும் போட்டுப் பார்க்கிறேன், சரியாகத்தான் வருகிறது. நான் நிறுத்தவில்லை.

நடை வேகம். வேகமாகப் போகக் கூடாது. கதவைக் காலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நடை வேகத்தில் போனேன். பின்னால் என்னவோ உடைகிற சத்தம் கேட்டது. கரையில் ஆர்மண்ட் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, வேட்டையாடிய மானை இழுத்துவருகிற பிளாஸ்டிக் சறுக்கலையும் கயிற்றையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். என்னைத் தாண்டும்போது வண்டியைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. நேராக வைக்கோவைப் பார்த்து ஓடினான்.

பாலத்துப் பலகையில் முன்சக்கரம் ஏறியது. இடது பலகை ஒரு பக்கம் நழுவியது. மிதித்தேன். அங்கே மட்டும் வேகம் வேண்டும். பின்சக்கரம் கரை மணலைக் கடித்த பிறகுதான் பலகை தண்ணீரில் விழுந்தது.

வண்டி கரையில் நின்றது. இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். என்ஜினை அணைக்கவில்லை. ஏரியைப் பார்க்கவேண்டியதைத் தள்ளிப்போட்டு, மடங்கிய பின்கதவைத் தூக்கிக் கட்ட ஆரம்பித்தேன். முடிச்சு விழவில்லை. கட்டினதையே அவிழ்த்து மறுபடி கட்டினேன். தலையைத் தூக்கியபோது ஆர்மண்ட் கயிற்றைத் தோளில் போட்டுக் குனிந்து இழுத்து வந்துகொண்டிருந்தான். சறுக்கலில் வைக்கோ மல்லாந்து கிடந்தான், மான் கிடப்பது மாதிரி. அவர்களுக்குப் பின்னால் குடிசை ஒரு பக்கம் சாய்ந்து, பாதி தண்ணீரில் உட்கார்ந்திருந்தது. என் பெயர் இருந்த பக்கம் கரையைப் பார்த்தபடி.

ஆர்மண்ட் கரைத் தண்ணீரில் தொடையளவு இறங்கி அவனைத் தூக்கி என்னிடம் கொடுத்தான். இருவரும் சேர்ந்து முன்சீட்டில் ஏற்றினோம். குடிசையை என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. அவனாகவே தன் மச்சினனைக் கூட்டிக்கொண்டு மாலைக்குள் ரம்பத்தால் அறுத்து, துண்டு துண்டாகச் சறுக்கலில் கொண்டுவந்துவிடுகிறேன் என்றான். இந்த ஐஸில் போகாதே என்றேன். சறுக்கலுக்கு ஐஸ் போதும் என்றான். கேலி எதுவும் செய்யவில்லை. அவன் கேலி செய்யாததுதான் எனக்கு உறுத்தியது.

“பாத்தேன் ஹில்யா. நான் இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்” என்றான். பிறகு, “தெரியல. செஞ்சிருப்பேனான்னு தெரியல” என்றான். நாற்காலியை மடக்கப் போய்விட்டான்.

டவுன் ஆஸ்பத்திரி பதினெட்டு மைல். உடைந்த பின்கண்ணாடி வழியாகக் குளிர் உள்ளே வந்து எங்கள் கழுத்தில் உட்கார்ந்தது. நான் ரோட்டில் வேகமாகப் போனேன். எவ்வளவு போனாலும் போதவில்லை. வைக்கோ காலைத் தூக்கி முன்பலகையில் வைத்திருந்தான். என் சட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தது. மடியில் காலையில் கொண்டுவந்த பொட்டலம். இவ்வளவுக்கும் அதைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். பிரித்து, இறைச்சி வைத்துச் சுட்ட, நசுங்கிப்போன பேஸ்டியை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை என்னிடம் நீட்டினான். எனக்கு வேண்டாம் என்றேன். அவனும் தின்னவில்லை. இரண்டு பாதியையும் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தான்.

அடுப்பைப் பற்றி நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தான் போல. எனக்கும் சொல்ல நிறைய இருந்தது. சொன்னால் அவனும் சொல்ல ஆரம்பிப்பான். அடுப்புக்கு அவன், கேபிளுக்கு நான். அதற்கப்புறம் நடந்ததற்கு யார் என்று வரும். ரயில் கேட்டைத் தாண்டினோம். உப்பு லாரி ஒன்று எதிரே போயிற்று.

பத்தாவது மைலில்தான் கேட்டான்.

“போறப்ப கண்ணாடில என்னைப் பாத்தியா?”

“இல்ல.”

“ஒரு தடவகூட?”

“இல்லடா.”

அவன் தலையை ஆட்டினான். பேஸ்டியின் ஒரு பாதியை வாயில் போட்டு மெதுவாக மென்றான். விழுங்கிய பிறகு சொன்னான்:

“நல்லதாப் போச்சு. பாத்திருந்தா நின்னிருப்ப.”

நின்றிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும் என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கட்டின பின்கதவு ஒவ்வொரு பள்ளத்துக்கும் அடித்துக்கொண்டே வந்தது. நிறுத்தி இறுக்கிக் கட்டியிருக்கலாம். நிறுத்தவில்லை.